பத்தியில் இல்லாத பிணம்

குற்றாலம்,
8-6-1957

தென்காசி, கிதிர் முகம்மது அச்சகம் மேற்பார்த்து,
டி. ஏசுதாசன், பி.ஏ. அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் கை போனது. இல்லாத அன்பை எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன். கவர் வாங்கப் போகப் பொறுமை இல்லை. வீட்டில் ஐந்து கார்டு கிடந்தது. எண் போட்டு எழுதுகிறேன், வரிசையாகப் படியுங்கள்.

என் பெயர் குழல்வாய்மொழி. வயது முப்பத்தொன்று. எட்டாம் வகுப்போடு டிரெயினிங் முடித்து, இங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருக்கிறேன். கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போன என் புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஆகிறது. நானும் என் மகள் மாரித்தாயும் இந்த வேலையை நம்பித்தான் சாப்பிடுகிறோம். போன வருஷம் பள்ளி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "எஸ்.எஸ்.எல்.சி. இல்லாதவங்கள இனிமே வச்சுக்கிட முடியாது டீச்சர். அடுத்த வருசம் முடியுததுக்குள்ள பாஸ் பண்ணிருங்க, இல்லன்னா வேற ஆள் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். பிரைவேட்டாகக் கட்டி எழுதினேன். மற்றதெல்லாம் தேறிவிட்டேன். இங்கிலீஷில் நான்கு மார்க்கு குறைவு.

உங்கள் 'சாரல் ஆங்கிலத் துணைவன்' புத்தகத்தைத்தான் வருஷம் முழுவதும் படித்தேன். அறுநூறு வார்த்தை, நாற்பது பத்தி, பத்திக்கு ஐந்து வினா விடை. மாரித்தாய் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வாள், நான் அரிசி களைந்துகொண்டே ஒப்பிப்பேன். முதல் வார்த்தை 'அபாண்டன்', கைவிடு. அந்த ஒன்றுக்கு மட்டும் நான் அர்த்தம் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கவில்லை.

பரீட்சையில் அருவிப் பத்தி வந்தது. உங்கள் புத்தகத்தில் பதினேழாவது. மலையடியில் ஓர் அருவி, அங்கே குளிக்க வந்த ஒரு பயணி என்று அதே முதல் வரி. பார்த்ததும் எனக்குச் சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. மேற்கொண்டு படிக்கவில்லை. வினாவைக்கூடப் படிக்கவில்லை. ஐந்து விடையையும் கமா முதற்கொண்டு உங்கள் புத்தகத்தில் இருந்தபடி எழுதிவிட்டு வந்தேன். வினாத்தாளைப் பார்த்த எங்கள் ஹெட்மாஸ்டர் ஐந்தும் தப்பு என்கிறார்.

'இதனை மனனம் செய்தவர் தோற்றதில்லை' என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். நான் மனனம் செய்தேன், தோற்றேன். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

குழல்வாய்மொழி


தென்காசி,
13-6-1957

மதிப்பிற்குரிய அம்மணி அவர்களுக்கு,

தங்கள் ஐந்து கார்டுகளும் மூன்று தினங்களில் வந்து சேர்ந்தன. நான்காவது முதலில் வந்தது. எல்லாவற்றையும் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர்கள் படித்து முடித்த பின்னரே என் கைக்குக் கிடைத்தன. முதலாளி கிதிர் முகம்மது அவற்றை வாடிக்கையாளர் முன்பாகவே உரக்க வாசித்தார். இனி எழுதுவதாயின் கவரில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் குற்றச்சாட்டில் நியாயம் இல்லை. என் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 'விடை பத்தியில் இருக்கிறது. பத்தியில் இல்லாததை எழுதாதே' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். தாங்கள் பரீட்சைத்தாளின் பத்தியைப் படிக்கவேயில்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். படிக்காமல் விடை எழுதியவர் படிக்கச் சொன்னவனைத் திட்டுவது வேடிக்கையாக இருக்கிறது. அதிலும் தாங்கள் ஓர் ஆசிரியை.

வினாத்தாள் தங்களிடம் இருக்குமானால், கோபம் அடங்கிய பின் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு அதை ஒருமுறை நிதானமாக வாசிக்கவும். அதுவே நான் தரக்கூடிய ஆலோசனை.

இங்ஙனம்,
டி. ஏசுதாசன், பி.ஏ.


குற்றாலம்,
25-6-1957

ஐயா,

நீங்கள் சொன்னபடி வாசித்தேன். கோபம் அடங்கவில்லை, அது இல்லாமலே வாசித்தேன் என்று நினைக்க வேண்டாம். ஹெட்மாஸ்டரிடம் அகராதி வாங்கி, பள்ளி விட்டு வந்து தினம் நான்கு வரியாக, ஒன்பது நாள் ஆயிற்று.

பயணி குளிக்கிறான். மலையில் மேகம் இறங்குகிறது. தேன் எடுக்கிறவன் ஒருவன் வந்து வெள்ளம் வரும், வெளியே வா என்கிறான். பயணி கேட்கவில்லை. இதுவரை உங்கள் புத்தகம்தான். அதற்கப்புறம் உங்கள் புத்தகத்தில் வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போகிறது, மூன்றாம் நாள் பாறையிடுக்கில் பிணம் கிடைக்கிறது. பரீட்சைத்தாளில் தேன்காரன் கொடியை வீசி அவனை இழுத்துக் கரையில் போடுகிறான். பயணி மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறான். தேன்காரன் வேண்டாம் என்கிறான்.

ஐந்தாம் வினா, பயணி தன் நன்றியை எப்படிக் காட்டினான் என்பது. 'மூன்றாம் நாள் அவன் பிணம் பாறையிடுக்கில் கிடைத்தது' என்று நான் விடை எழுதியிருக்கிறேன். திருத்தியவர் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணி எண்ணி எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் குற்றாலத்தில் பிறந்தவள். அருவியில் தண்ணீர் நிறம் மாறினால் எப்படிப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவார்கள் என்று பார்த்து வளர்ந்தவள். எனக்கே உங்கள் பிணத்தின் மேல் சந்தேகம் வரவில்லை.

இதை நேரில் கேட்கத்தான் சனிக்கிழமை தென்காசிக்கு வந்தேன். "அவரு கீழப்பாவூருக்குப் போயிருக்காரே டீச்சர்" என்றார் உங்கள் முதலாளி. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளறையில் யாரோ தும்மினார்கள். அடக்கி அடக்கி மூன்று தும்மல். எந்த வருஷம் பி.ஏ. பாஸ் பண்ணினார் என்று கேட்டேன். "சின்ன வயசு, இருவத்திநாலுதான் ஆவுது" என்று கேட்காததைச் சொல்லிவிட்டு பில் புத்தகத்தைத் தேடப் போய்விட்டார். மூன்று மைல் தூரத்தில் இருந்துகொண்டு ஒளிகிறீர்கள்.

போகட்டும். வினா விடை உங்கள் தொழில்தானே. உங்கள் 13-ஆம் தேதிக் கடிதத்தையே பத்தியாக வைத்து வினாக்கள் தயாரித்திருக்கிறேன். சொந்த வாக்கியத்தில் எழுதவும்.

(1) ஆசிரியர் தன் கடிதத்தில் 'வருந்துகிறேன்' என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறார்? (2) பரீட்சைத்தாளில் உயிரோடு இருக்கிறவனைப் புத்தகத்தில் கொன்றது யார்? (3) 'மனனம் செய்தவர் தோற்றதில்லை' என்று எழுதியவரும், மனனம் செய்தவளைக் கேலி செய்தவரும் ஒருவரா, இருவரா? (4) ஆசிரியர் பி.ஏ. தேறிய வருஷம் எது?

கவரில்தான் எழுதியிருக்கிறேன். விடை வராவிட்டால் மறுபடி கார்டு.

குழல்வாய்மொழி


தென்காசி,
1-7-1957

அம்மணி,

தங்கள் கேலிக்கு நான் ஆளாக வேண்டிய அவசியம் ஏதுமில்லை. ஆயினும் கார்டு வரும் என்று மிரட்டியிருப்பதால் எழுதுகிறேன்.

1. ஓர் இடத்திலும் இல்லை. 2. பத்தியில் இல்லை. 3. இது வினா அன்று, வசவு. 4. பத்தியில் இல்லை.

ஒரு புத்தகம் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும். நாற்பது பத்தி திரட்டி, வினா தயாரித்து, புரூப் பார்த்து, கண் கெட்டுப்போனவன் நான். ஊரில் யாரும் இதுவரை ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. தோற்றவர்கள் மட்டும் தேடி வருகிறீர்கள். இத்துடன் இதை முடித்துக்கொள்வோம்.

டி. ஏசுதாசன்


குற்றாலம்,
5-7-1957

தம்பி ஏசுதாசனுக்கு,

இருபத்துநாலு வயது என்று தெரிந்த பிறகு ஐயா என்று எழுத வரவில்லை. தம்பி என்றால் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே. எங்கள் தெருவில் தம்பி என்று கூப்பிட்டுத்தான் அடியும் கொடுப்போம்.

முதல் விடைக்கு முழு மார்க்கு, உண்மையை எழுதியதற்கு. மற்றதற்கெல்லாம் பூஜ்யம். இரண்டாம் வினாவுக்கு விடை உன் பத்தியில் இல்லை, உன்னிடம் இருக்கிறது. இந்தத் தடவை உன் பெயருக்குப் பின்னால் பி.ஏ.வைக் காணோம், அதையும் கவனித்தேன்.

திங்கட்கிழமை என் வகுப்பில் ஒரு காரியம் செய்தேன். பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் தினம் ஒப்பிக்கிற ஒரு குருவிக் கதை உண்டு, குருவி பறந்துபோகும். அதையே சொல்லி, முடிவில் குருவி மரத்திலேயே தங்கிவிட்டது என்று மாற்றிச் சொன்னேன். "குருவி என்னலே பண்ணுச்சு?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் "பறந்து போச்சு டீச்சர்" என்றார்கள். மறுபடி சொன்னேன், மறுபடி பறந்து போச்சு. முன் வரிசையில் மாடன் என்று ஒரு பயல், அவன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "இப்பந்தான இருக்குன்னு சொன்னீங்க" என்றான். அவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். போன மாதம் இதே மாதிரி ஒன்றுக்காக அவனை நான் முட்டி போட வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு என் மேல் வந்த கோபத்தில் பாதியை உனக்கு அனுப்புகிறேன். பாதியை நானே வைத்துக்கொள்கிறேன். செப்டம்பரில் மறுபரீட்சை. என்னைப் போலத் தோற்றவர்கள் எல்லாரும் இந்தத் தாலுகாவில் உன் புத்தகத்தைத்தான் மறுபடி எடுத்து ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு என்ன செய்யப் போகிறாய் என்று எழுது. கொன்றது யார் என்றும் எழுது.

குழல்வாய்மொழி


தென்காசி,
16-7-1957

டீச்சர் அவர்களுக்கு,

பத்து நாளாக எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

நான்தான் கொன்றேன். பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கில ரீடர் கிடைத்தது, வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம். அட்டை இல்லை. செல் அரித்து நடுவே பல இடத்தில் தாள் போயிருந்தது. அருவிக் கதையில் தேன்காரன் கூப்பிடுகிறான், அதோடு தாள் முடிந்துவிட்டது. அடுத்த பக்கம் வேறு கதை. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. சொல் பேச்சுக் கேட்காதவன் செத்திருப்பான் என்று நானே முடித்துவிட்டேன். அது ஒன்று மட்டும் என்று நினைக்காதீர்கள். இன்னும் நாலைந்து பத்திக்கு முடிவு என்னுடையது. மிச்சமும் பக்கத்துக்கு அடங்கச் சுருக்கியவை. 'பத்தியில் இல்லாததை எழுதாதே' என்று மேலே போட்டுவிட்டு, கீழே இல்லாததை எழுதியவன் நான்.

நான்காம் வினா. பாளையங்கோட்டையில் பி.ஏ. எழுதினேன். இங்கிலீஷில் இரண்டு தடவை தோற்றேன். முதலாளி "பி.ஏ.ன்னு போட்டாத்தான் விக்கும், நாளைக்கு பாஸ் பண்ணிட்டா உண்மைதான ஆகப்போவுது" என்றார். நானும் சரி என்றேன். எங்கள் அப்பா கோயில் வாசலில் எல்லாரிடமும் பி.ஏ. போட்ட அந்தப் புத்தக அட்டையைக் காட்டிக்கொண்டு திரிகிறார். நான் பாஸ் பண்ணிவிட்டேன் என்று அவரும் நம்புகிறார்.

போதுமா? சந்தோஷமா? மூன்று மைல் நடந்து வந்து ஒருத்தனைத் தும்மக்கூட விடாமல் அடிப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் தோற்றது ஐந்து விடையில். நான் தோற்றது அட்டையில் அச்சாகி ஊர் ஊராகப் போயிருக்கிறது.

ஏசுதாசன்


குற்றாலம்,
20-7-1957

தம்பி,

சந்தோஷம் இல்லை. கோபம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

உன் அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. புத்தகம் உன் பாடு மட்டும் இல்லை. ஒரு சீட்டு அச்சடி. 'இதிலுள்ள பத்திகள் சுருக்கப்பட்டவை, சிலவற்றின் முடிவு நான் எழுதியது, மனப்பாடம் செய்யாதீர்கள், பரீட்சைத்தாளில் உள்ளதை வாசியுங்கள்' என்று போடு. கடையிலிருக்கிற ஒவ்வொரு புத்தகத்திலும் முன்பக்கத்தில் ஒட்டு. அச்சகத்தில் இருக்கிறவனுக்கு இது பெரிய காரியம் இல்லை.

எனக்கும் ஒன்று செய். செப்டம்பருக்குப் பத்து வாரம்கூட இல்லை. நான் முன்பின் பார்க்காத பத்தியாகப் பத்து எழுதி அனுப்பு. எவனையும் கொல்லாதே.

குழல்வாய்மொழி


தென்காசி,
3-8-1957

டீச்சர்,

சீட்டு நானூறு அச்சாகிவிட்டது. நானே எழுத்துக் கோத்தேன். ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், உங்கள் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் புத்தகங்களில் ஒட்டிவிடுவேன்.

பத்திகள் பத்தும் இருக்கின்றன. ரயிலடிப் போர்ட்டர், ஏலக்காய் மூட்டை, செங்கோட்டைக் கணவாய் என்று எனக்குத் தெரிந்ததை வைத்து எழுதினேன். வினா மட்டும்தான் போட்டிருக்கிறேன். விடை எழுதவில்லை.

ஏசுதாசன்


குற்றாலம்,
22-8-1957

தம்பி,

விடை இல்லாமல் வினாவை அனுப்ப உனக்கு என்ன நெஞ்சழுத்தம். முதல் பத்திக்கு ஐந்து நாள் ஆயிற்று. நான் எழுதியது சரியா தப்பா என்று யாரிடம் கேட்பேன்? கோபத்தில் தாளைச் சுருட்டி எறிந்தேன். மாரித்தாய் எடுத்து வந்து நீவி, "மூணாவது கேள்விக்கு விடை இந்த வரியிலதான இருக்கு, நீ ஏன் அந்த வரியப் பாக்குத?" என்றாள். அவள் நாலாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். போர்ட்டர் என்ற வார்த்தை எங்கெங்கே வருகிறது என்று எழுத்தைப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அவளை நான்கு சாத்து சாத்தலாம் என்று வந்தது. அப்புறம் அந்த வரியைப் பார்த்தேன். விடை அங்கேதான் இருந்தது.

இப்போது ஏழாம் பத்திக்கு வந்துவிட்டேன். தெரியாத வார்த்தை வந்தால் அகராதிக்கு ஓடாமல் முன்னும் பின்னும் பார்க்கிறேன். பாதிக்கு மேல் அகப்பட்டுவிடுகிறது. இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை என்பதில் எனக்கு இருக்கிற ஆத்திரத்தை இங்கே எழுதினால் கவர் கொள்ளாது.

சீட்டு ஒட்டினாயா? அதைப் பற்றி ஒரு வரி எழுது.

குழல்வாய்மொழி


குற்றாலம்,
2-10-1957

ஏசுதாசனுக்கு,

நான் கேட்ட ஒரு வரி வரவேயில்லை. ஏன் என்று செப்டம்பர் பரீட்சையில் தெரிந்துகொண்டேன்.

பத்தி இந்தத் தடவை யானையும் பாகனும். உன் புத்தகத்தில் முப்பத்தோராவது. முதல் வரி அதே. என் கை தானாகப் பேனாவைத் திறந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுதினால் நம்புவாயா தெரியாது, அப்படித்தான் செய்தேன். பிறகு வாசித்தேன். உன் யானை தன்னை அடித்த பாகனை மிதித்துக் கொன்றுவிடும். இது வேறு யானை. என்ன செய்தது என்று உனக்கு நான் சொல்லப் போவதில்லை.

எனக்கு முன் பெஞ்சில் கீழப்பாவூர்ப் பெண் ஒருத்தி, பெயர் வள்ளித்தாய். காலையில் வராந்தாவில் பார்த்தபோது உன் புத்தகம் கையில் இருந்தது. வாங்கி முன்பக்கத்தைத் திருப்பினேன். சீட்டு இல்லை. "மனப்பாடம் பண்ணாத தாயி" என்று ஆரம்பித்தேன், அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். ஹாலில் அவள் தாளைப் பார்த்ததும் தலையை நிமிர்த்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், மார்ச்சில் நான் சிரித்தது. உடனே குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். படிக்கவில்லை. கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். வாயைத் திறந்தால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்கள். என் வேலையை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இதையும் உன் கணக்கில்தான் எழுதுகிறேன், ஆனால் முழுவதும் உன் கணக்கு இல்லை என்று தெரியும்.

நானூறு சீட்டும் எங்கே?

குழல்வாய்மொழி


தென்காசி,
9-10-1957

டீச்சர்,

மேஜைக்கு அடியில் கட்டாகக் கிடக்கின்றன. "சீட்டு ஒட்டுன புத்தகத்த எவன் வாங்குவான், ஏலே, ஒன் கையாலயே ஒன் கழுத்த அறுக்கியா?" என்றார் முதலாளி. கட்டை நானே உள்ளே தள்ளிவிட்டேன். ஒட்டிவிடுவேன் என்று உங்களுக்கு எழுதினேன். அச்சடித்த அன்றைக்கே பாதி செய்தாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு அனுப்பிய ஒன்றுதான் வெளியே போன சீட்டு.

நீங்கள் திட்டுவதற்கு முன்னால் நானே திட்டிக்கொண்டுவிட்டேன். அதனால் ஒன்றும் குறையவில்லை.

ஏசுதாசன்


குற்றாலம்,
12-12-1957

ஏசுதாசனுக்கு,

முடிவு வந்தது. தேறிவிட்டேன். வேண்டியதற்கு மேல் ஆறு மார்க்கு. மேனேஜர் தன் வீட்டிலிருந்து காப்பி வரவழைத்துக் கொடுத்தார். என் வேலை எனக்குத்தான்.

வள்ளித்தாய் தோற்றுவிட்டாள். பாவூர்ச் சந்தைக்குப் போன எங்கள் ஹெட்மாஸ்டரிடம் விசாரிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன். மற்றது எல்லாம் பாஸ், இங்கிலீஷ் மட்டும் இல்லை. நர்சு டிரெயினிங் போக வேண்டுமென்று இருந்தவளாம். அப்பா அய்யாக்குட்டி, விவசாயம். இரண்டு தடவை ஆயிற்று, போதும் என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார். தை பிறந்தால் நிச்சயம்.

எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. காப்பி கசந்தது. நான் சொல்வதைக் கேள். நீ போ. கடிதம் எழுதாதே, ஆள் அனுப்பாதே, உள்ளறையில் உட்கார்ந்து தும்மாதே. அந்த வீட்டில் போய் நின்று, தப்பு யாருடையது என்று உன் வாயால் சொல். என்னிடம் வந்து சொல்ல உனக்கு மூன்று மைல் வர முடியவில்லை. கீழப்பாவூர் ஒன்பது மைல்.

குழல்வாய்மொழி


தென்காசி,
6-1-1958

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அப்பாவை நிறுத்தி, நான் பி.ஏ. தேறவில்லை என்று சொன்னேன். அவர் வீட்டுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்த அட்டையை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு சைக்கிளை எடுத்தேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று வழியில் எங்கும் நிற்கவில்லை.

அய்யாக்குட்டி அண்ணாச்சி களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாள் இல்லாத ரீடர், நானே எழுதிய முடிவு, ஒட்டாத சீட்டு, எல்லாம். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "பொஸ்தகத்துல பி.ஏ.ன்னு போட்டிருக்க?" என்றார். தேறவில்லை என்றேன். "அப்பம் எம்மவளுக்குப் படிப்பு வரலன்னு ஆறு மாசமா ஏசிக்கிட்டு இருக்கனே, அத யார் கிட்டப் போய்ச் சொல்ல?" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

சத்தம் கேட்டு வள்ளித்தாய் வெளியே வந்தாள். திட்டவில்லை. அழவுமில்லை. "அந்த யானை நெசமாவே என்ன செஞ்சிச்சு அண்ணே?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது அக்கா. அந்தத் தாளும் என் ரீடரில் இல்லை. தெரியாது என்று சொன்னேன். உள்ளே போய்ப் பரீட்சைத்தாளை எடுத்து வந்தாள். எதிரில் அவள் அப்பா நிற்க, களத்து வரப்பில் உட்கார்ந்து அவளே வாசித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக. அரை மணி நேரம் ஆயிற்று. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

யானை யாரையும் கொல்லவில்லை. பாகன் அடித்த பிறகு அது மூன்று நாள் தீனி தின்னவில்லை. ஆள் மாற்றி ஆள் வந்து கொடுத்தும் தொடவில்லை. நாலாம் நாள் பாகனே வந்து அடித்த இடத்தைத் தடவினான். அப்புறம்தான் தின்றது. உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வாசித்து முடித்ததும், "இம்புட்டுத்தானா, இதையா நான் படிக்காம விட்டேன்?" என்று அவளுக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள், உங்கள் ஐந்து கார்டையும் அங்கே நேரில் பார்த்தேன். புத்தகத்தை எடுத்து வைக்கோல் மேல் எறிந்தாள். அவள் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மார்ச்சு வரைக்கும் பாப்போம்" என்று மறுபடி முறத்தை எடுத்தார். நிச்சயம் இப்போது வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டதாக இன்று தெரிந்தது.

சீட்டுகளை ஒட்டத் தொடங்கிவிட்டேன். முதலாளி என்னோடு பேசுவதில்லை. நானும் பி.ஏ. இங்கிலீஷுக்கு மறுபடி கட்டியிருக்கிறேன்.

உங்கள் கோபம் தீர்ந்ததா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஏசுதாசன்


குற்றாலம்,
10-1-1958

தம்பி ஏசுதாசனுக்கு,

வேண்டுமென்றேதான் கார்டில் எழுதுகிறேன். எழுத்துக் கோப்பவர்கள் படிக்கட்டும், உன் முதலாளி உரக்கவே வாசிக்கட்டும். இந்தப் பையன் ஒன்பது மைல் போய்த் தன் தப்பைத் தன் வாயால் சொல்லிவிட்டு வந்தவன்.

கோபம் தீர்ந்ததா என்று கேட்டிருக்கிறாய். விடை இந்தப் பத்தியில் இல்லை. கீழப்பாவூருக்குப் போன சைக்கிளுக்குக் குற்றாலம் மூன்று மைல்தான். வந்து கேள்.

குழல்வாய்மொழி